இணையவழிச் சூதாட்டம்: ஆசிரியர்கள் அறிய வேண்டியவை

பெருந்தொற்றுக் காலத்தில் பாடம் படிப்பதற்காகப் பிள்ளைகளின் கைக்கு வந்த கைப்பேசி, பள்ளி திறந்த பிறகும் அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது. அதனுடன் விளையாட்டுகளும் தங்கிவிட்டன. அவற்றில் பல வெறும் பொழுதுபோக்கு. சில மட்டும் விளையாட்டு என்ற பெயரில் நடக்கும் சூதாட்டம். இந்த இரண்டையும் பிரித்தறிவது எப்படி, பழக்கம் எந்த இடத்தில் தீங்காக மாறுகிறது, மாறியபின் ஆசிரியராக நாம் என்ன செய்யலாம் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

விளையாட்டா, சூதாட்டமா?

மாணவர்களுக்கு எளிதாக விளக்க மூன்று கேள்விகள் போதும்.

1. ஆடுவதற்குப் பணமோ, பணம் கொடுத்து வாங்கிய பொருளோ பந்தயமாக வைக்க வேண்டுமா?
2. முடிவு முழுவதுமாகவோ பெரும்பகுதியோ நம் கையில் இல்லாததா?
3. வென்றால் பணமோ பணத்துக்கு ஈடான ஒன்றோ கிடைக்கும் என்ற ஆசை காட்டப்படுகிறதா?

மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அது சூதாட்டம். சிவப்பா பச்சையா என்று நிறம் சொல்லிப் பணம் கட்டுவதும், கிரிக்கெட் போட்டியில் அடுத்த பந்துக்கு என்ன ஆகும் என்று பந்தயம் கட்டுவதும் இதில் அடங்கும். சுடும் விளையாட்டுகளில் பணம் கட்டித் திறக்கும் ‘மர்மப் பெட்டி’ சற்றுக் குழப்பமானது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுக்கிறோம். நினைத்தது வராவிட்டால் இன்னொரு பெட்டி திறக்கிறோம். பெயர் எதுவானாலும் குழந்தையின் மனத்தில் பதியும் பழக்கம் சூதாட்டத்தின் பழக்கமே.

ஏன் விட முடிவதில்லை?

“புத்தி இல்லையா? பணம் போகிறது என்று தெரிந்தும் ஏன் ஆடுகிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. பி.எட். படித்த நமக்கு இதற்கான விடை ஏற்கெனவே தெரியும். ஸ்கின்னரின் வலுவூட்டல் கொள்கையை நினைவுபடுத்திக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் பரிசு கிடைத்தால், அது நின்றதும் செயலும் விரைவில் நின்றுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடையிடையே பரிசு கிடைத்தால், அந்தச் செயல் எளிதில் மறையாது. சூதாட்டச் செயலிகள் இந்த ஒழுங்கற்ற வலுவூட்டலின் மேல்தான் கட்டப்பட்டுள்ளன.

இதனுடன் வேறு சிலவும் சேர்கின்றன. ஒரே ஒரு எண்ணில் தவறிப்போனால், தோற்றோம் என்று மனம் எடுத்துக்கொள்வதில்லை; ‘நெருங்கிவிட்டோம்’ என்றே எடுத்துக்கொள்கிறது. தாள் பணமாக எண்ணிக் கொடுக்கும்போது உண்டாகும் தயக்கம், திரையில் விரலால் தட்டும்போது உண்டாவதில்லை. திண்ணையில் சீட்டாடினால் ஆட்டம் முடிந்து சீட்டைக் கலைத்துப் போடுவதற்குள் யோசிக்க நேரம் கிடைக்கும். செயலியில் ஒரு நிமிடத்துக்குள் அடுத்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. நள்ளிரவானாலும் கடை மூடுவதில்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, விட்ட பணத்தைப் பிடிக்க ஆடுவது. வள்ளுவர் ‘சூது’ என்ற அதிகாரத்தில் இதைத் துல்லியமாகக் கண்டிருக்கிறார். அதிகாரத்தின் முதல் குறள் வெற்றியையே தூண்டில் முள்ளாகக் காட்டுகிறது. கடைசிக் குறள், பொருளை இழக்க இழக்கச் சூதின் மேல் ஆசை கூடுவதைச் சொல்கிறது. முதலில் கிடைக்கும் சிறு வெற்றி உள்ளே இழுக்கிறது. பிறகு வரும் இழப்பு வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. தமிழ் ஆசிரியர்கள் இந்த அதிகாரத்தை நடத்தும்போது, இன்றைய கைப்பேசித் திரையோடு இணைத்துப் பேசலாம்.

‘இத்தனை முறை தோற்றாயிற்று, அடுத்தது ஜெயிக்கத்தான் வேண்டும்’ என்ற எண்ணம் தவறு என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், சுழல்சக்கர ஆட்டத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பு விழுந்தது. இனி சிவப்புதான் வரும் என்று நம்பி ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பின் மேல் பணம் கட்டியவர்கள் பெரும் தொகையை இழந்தனர். சக்கரத்துக்கு நினைவு கிடையாது. ஐந்து முறை தலை விழுந்த நாணயத்தில் ஆறாவது முறையும் தலை விழும் வாய்ப்பு இரண்டில் ஒன்றுதான். நிகழ்தகவுப் பாடம் நடத்தும்போது இதைவிடப் பயனுள்ள எடுத்துக்காட்டு அமைவது அரிது.

வகுப்பறைச் செயல்பாடு: புளியங்கொட்டைக் கணக்கு

எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள மாணவர்களுக்கு இது பொருந்தும். பணமோ பரிசோ வேண்டாம். புளியங்கொட்டை மட்டும் போதும்.

ஐந்து மாணவர்களுக்குத் தலா 20 கொட்டை கொடுக்கவும். மொத்தம் 100. ஆறாவது மாணவர் ‘செயலி’யாக இருப்பார், அவரிடம் வெறும் டப்பா மட்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஐவரும் ஆளுக்கு 2 கொட்டை நடுவில் வைக்க வேண்டும். ஐந்து துண்டுச் சீட்டுகளில் பெயர் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுக்கவும். நடுவில் உள்ள 10 கொட்டையில் ஒன்றைச் ‘செயலி’ கட்டணமாக எடுத்துக்கொள்ளும். மீதி 9 வென்றவருக்கு.

பத்துச் சுற்று முடிந்ததும் நிறுத்திவிட்டு எண்ணச் சொல்லுங்கள். யாராவது ஒருவரிடம் 30க்கு மேல் இருக்கலாம். ஒரு சுற்றுகூட வெல்லாதவரிடம் ஒன்றும் இருக்காது. ஐவரிடமும் உள்ளதைக் கூட்டினால் 90தான் வரும். மீதி 10 டப்பாவில் இருக்கும். இப்போது கேள்விகளைக் கேளுங்கள்.

• ஏமாற்று எதுவும் இல்லாமல் நேர்மையாக நடந்த ஆட்டத்தில் 10 கொட்டை எங்கே போனது?
• அதிக முறை வென்றவர் யார்? அவர் ஏதாவது திறமை காட்டினாரா?
• விளம்பரம் எடுத்தால் ஐவரில் யாருடைய படத்தைப் போடுவார்கள்? யாருடைய படத்தைப் போடமாட்டார்கள்?
• இதே வேகத்தில் ஆடிக்கொண்டே போனால் 100 கொட்டையும் டப்பாவுக்குப் போக எத்தனை சுற்று ஆகும்?

உயர் வகுப்பில் இன்னொரு கணக்கும் தரலாம். ஒவ்வொரு சுற்றிலும் கையில் உள்ள முழுத் தொகையையும் வைத்து, சராசரியாக 10 விழுக்காடு கட்டணமாகக் கழிந்தால், 100 ரூபாய் பத்துச் சுற்றில் ஏறத்தாழ 35 ரூபாயாகக் குறையும். கூட்டுவட்டியைத் தலைகீழாகப் பார்ப்பது போன்றது இது. ‘சூதாடாதே’ என்று பத்து முறை சொல்வதைவிட, தானே போட்டுப் பார்த்த கணக்கு மாணவர் மனத்தில் நிற்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூன் மாதம் அறிக்கை அளித்தது. அதைத் தொடர்ந்து இயற்றப்பட்ட, இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு, திறமை சார்ந்ததோ அதிர்ஷ்டம் சார்ந்ததோ, எதுவானாலும் அதை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்கிறது. விளம்பரம் செய்வதும் குற்றம். ஆனால் வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்களின் இணைப்புகள் கைப்பேசிக்கு வருவது முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆகவே சட்டம் இருக்கிறது என்று நாம் கவனிக்காமல் இருந்துவிட முடியாது.

தீங்காக மாறியதை எப்படி அறிவது?

உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாட்டில் சூதாட்டக் கோளாறு, பழக்க அடிமைத்தனம் தொடர்பான பிரிவில் இடம்பெற்றுள்ளது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. 12 மாதங்களில் அவற்றில் நான்கோ அதற்கு மேலோ காணப்பட்டால் மருத்துவர் அதைக் கோளாறாகக் கருதுவார். எளிய தமிழில் அவை:

1. அதே பரபரப்பு கிடைக்க, வைக்கும் தொகை கூடிக்கொண்டே போவது.
2. குறைக்க முயலும்போது எரிச்சலும் தவிப்பும் வருவது.
3. பலமுறை விட முயன்றும் முடியாமல் போவது.
4. எந்நேரமும் அதே நினைவாக இருப்பது.
5. மனம் சோர்ந்திருக்கும்போதெல்லாம் ஆடத் தோன்றுவது.
6. விட்டதைப் பிடிக்க மறுநாளே மீண்டும் ஆடுவது.
7. ஆடும் அளவை மறைத்துப் பொய் சொல்வது.
8. படிப்போ வேலையோ உறவோ கெட்டுப்போகும் நிலை வருவது.
9. பண நெருக்கடியிலிருந்து மீளப் பிறரை நம்பியிருப்பது.

இந்தப் பட்டியலில் எத்தனை ரூபாய் என்ற கணக்கு எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஐம்பது ரூபாய் விட்ட மாணவரும் ஐந்து லட்சம் விட்ட பெரியவரும் ஒரே நோயில் இருக்கலாம். “எவ்வளவு போனது?” என்பது நாம் முதலில் கேட்கும் கேள்வி. “நிறுத்த முடிகிறதா?” என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நோயைத் தீர்மானிப்பது மருத்துவர் வேலை. கவனிப்பது நம் வேலை. வகுப்பறையில் கண்ணில் படக்கூடியவை இவை: முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவது, சிறு வகுப்புப் பிள்ளைகளிடம் பத்து இருபது கடன் கேட்பது, சிறப்புக் கட்டணமோ சுற்றுலாப் பணமோ ‘தொலைந்துவிட்டது’ என்பது, திடீரென்று நண்பர்களுக்குச் செலவு செய்வது, கிரிக்கெட் நடக்கும் மாதங்களில் மட்டும் மனநிலை ஏறி இறங்குவது, விரும்பிச் செய்த ஒன்றை விட்டுவிடுவது. ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். பிள்ளை தூங்குவதற்கு வேலைக்குப் போவதும், வீட்டில் நடக்கும் சண்டையும்கூடக் காரணமாக இருக்கலாம்.

எப்படிப் பேசுவது?

நான் முன்பு பணிபுரிந்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், அப்பாவின் கைப்பேசியிலிருந்து சிறிது சிறிதாகப் பணம் அனுப்பி ஆடியிருந்தான். பதினோராயிரம் ரூபாய்க்கு மேல் போயிருந்தது. அப்பா கொத்தனார், வங்கிக் கணக்கைத் தினமும் பார்ப்பவர் அல்லர். மாணவனின் வகுப்பாசிரியர் வகுப்பில் எதுவும் கேட்கவில்லை. மதிய இடைவேளையில் தனியாக அழைத்து, “சாப்பிட்டாயா? ஒரு வாரமா உன் முகமே சரியில்லையே, தம்பி” என்று மட்டும் கேட்டார். மூன்றாவது நாள்தான் அவன் வாய் திறந்தான். அவன் கேட்டது ஒன்றுதான்: “அப்பாகிட்ட நீங்களே சொல்றீங்களா, சார்? நான் வீட்டுக்குப் போகலை.”

அன்று மாலை அவர் அவனுடன் வீட்டுக்குச் சென்றார். அப்பாவின் கோபம் தணியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு மூவரும் சேர்ந்து கைப்பேசியின் ரகசிய எண்ணை மாற்றினர், செயலியை நீக்கினர், மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லும் நாளைக் குறித்துக்கொண்டனர். நடுவில் ஒருமுறை அவன் மீண்டும் ஆடினான். அதையும் அவனே வந்து சொன்னான். பத்தாம் வகுப்பு முடித்து இப்போது தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கிறான்.

‘வீட்டுக்குப் போகலை’ என்ற அந்தச் சொல்லை நாம் கவனிக்க வேண்டும். சூதாட்டத்தில் உயிரைப் பறிப்பது பண இழப்பு மட்டுமன்று. சொல்ல ஆளில்லாத அவமானமும்தான். எனவே வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லிக் கண்டிப்பது, மாற்றுச் சான்றிதழ் தந்துவிடுவேன் என்று மிரட்டுவது, பெற்றோரைத் திடீரென்று அழைத்து மாணவர் முன்னாலேயே உடைப்பது ஆகியவற்றைத் தவிர்ப்போம். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்ற வாக்குறுதியும் தர வேண்டாம். “யாரிடம், எப்படிச் சொல்வது என்பதை நாம் சேர்ந்து முடிவு செய்வோம்” என்று சொல்லலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற பொருளில் மாணவர் ஏதேனும் சொன்னால், அன்றே தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்து உதவி தேட வேண்டும். அதுவரை அவரைத் தனியே விடக்கூடாது.

சில வீடுகளில் ஆடுபவர் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருப்பார். அங்கே பிள்ளை தவறு செய்தவர் அல்லர். கடன்காரர் வாசலில் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கு வருபவர். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பொதுவாக இப்பொருளைப் பேசினால், யாரையும் சுட்டாமலே செய்தி உரிய வீட்டுக்குப் போய்ச் சேரும்.

நம்மைப் பற்றியும்

மாதச் சம்பளமும் எளிதில் கிடைக்கும் கடனும் உள்ள நாமும் இதற்கு விலக்கல்லோம். ‘அளவோடு ஆடினால் தவறில்லை’ என்பது பலரும் தமக்குச் சொல்லிக்கொள்வது. மேலே உள்ள ஒன்பதையும் தனிமையில் ஒருமுறை நமக்கு நாமே கேட்டுப் பார்க்கலாம். ஓரிரண்டுக்கு ‘ஆம்’ என்றாலே நிறுத்த வேண்டிய இடம் அதுதான்.

செயலியை நீக்குவது, பணம் செலுத்தும் செயலியில் நாள் உச்சவரம்பைக் குறைப்பது, சம்பளக் கணக்கைச் சில மாதம் வீட்டில் ஒருவர் பொறுப்பில் விடுவது, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்காமல் இருப்பது, நம்பிக்கையான ஒருவரிடம் முழுத் தொகையையும் சொல்லிவிடுவது ஆகியவை முதல் படிகள். விட்ட பணம் போனது போனதுதான் என்று ஏற்றுக்கொள்வது இவற்றில் கடினமானது. அதைச் செய்தவரால் மற்றவற்றையும் செய்ய முடியும். ஆடத் தோன்றும் நேரங்களையும் காரணங்களையும் கண்டறிந்து மாற்றும் உளவியல் சிகிச்சை உண்டு. அது பலருக்கும் பலன் தருகிறது.

வகுப்பறைச் சுவரில் எழுதி வைக்க வேண்டிய எண்கள்: மனநல ஆலோசனைக்கு 14416 (டெலி மானஸ், 24 மணி நேரமும், தமிழிலும்), குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, இணையவழிப் பண மோசடி குறித்துப் புகார் தெரிவிக்க 1930. எண்களை மாணவர்கள் தம் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தமக்குத் தேவைப்படாவிட்டாலும், வீட்டில் ஒருவருக்குத் தேவைப்படலாம்.