புது ரோட்டில் கோடு போடும் முன்

அடுக்குமாடி வளாகத்தில் புது ரோடு போட்ட மறுவாரமே பார்க்கிங் கோடும் போட்டுவிட வேண்டும் என்று எல்லோரும் துடிப்பார்கள். அந்த அவசரத்தில் போட்ட கோடு ஓரிரு மழைக்கே உரியத் தொடங்கும். பெயிண்டைக் குறை சொல்வோம். பெரும்பாலும் குறை தரையில்தான் இருக்கும். குடியிருப்போர் சங்கத்தில் இந்த வேலையைப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பழைய ரோட்டின் மேல் தார் விழுவதற்கு முன்பே, இருக்கும் கோடுகளை அளந்து போட்டோ எடுத்து, ஓரக்கல்லில் சின்னச் சின்ன அடையாளம் வைத்துவிடுங்கள். யாருடைய இடம் எதுவரை என்ற தகராறு வராது.

2. புதுத் தார் ரோட்டை மூன்று, நான்கு வாரமாவது ஆறவிடுங்கள். இளந்தாரிலிருந்து எண்ணெய்ப் பசை மேலே வந்துகொண்டே இருக்கும். அதன்மேல் பூசிய வெள்ளை பழுப்பாகிவிடும். போதாக்குறைக்கு, பெயிண்டில் இருக்கும் கரைப்பான் தாரை இன்னும் இளக்கும். அதுவரை வண்டி நிறுத்தச் சுண்ணாம்புத் தூளால் கோடு கிழித்துக்கொள்ளலாம். பெயிண்ட் அடிக்கும் முன் அதைச் சுத்தமாகக் கழுவிவிட வேண்டும்.

3. உச்சி வெயிலில் தாரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பிசுக்கென்று ஒட்டினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

4. சிமெண்ட் ரோட்டில் பிரச்சினை வேறு. 28 நாள் முடிந்த பிறகும் மேலே சிமெண்ட் பால் காய்ந்து மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும். பெயிண்ட் அந்த ஏட்டைத்தான் பிடிக்கும். ஏடு உரிந்தால் கோடும் கூடவே வந்துவிடும். கம்பி பிரஷ்ஷாலோ தேய்க்கும் மெஷினாலோ கோடு வரும் இடத்தை மட்டும் நன்றாகத் தேய்த்தெடுங்கள். பிறகு நாலைந்து இடங்களில் சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தரை உறிஞ்சிக்கொண்டால் சரி. முத்தாக உருண்டு நின்றால், ஈரம் காக்க அடித்த கியூரிங் மருந்தோ எண்ணெயோ இன்னும் மேலே இருக்கிறது. மறுபடி தேய்க்க வேண்டும்.

5. மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைக் காங்கிரீட்டில் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் நீர் கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ வேலையைத் தள்ளிவையுங்கள்.

6. ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று சொல்வார்கள். தேய்த்தே முடியும் வேலைக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. செய்தே ஆக வேண்டுமானால் தண்ணீரில்தான் ஆசிட்டை விட வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் எந்தத் தொழிலாளியையும் அதில் இறக்காதீர்கள். பிள்ளைகள் விளையாடும் இடமென்றால், மிச்சம் துளியும் இல்லாதபடி பலமுறை அலசுங்கள்.

7. தார் ஒட்டாமலிருக்கத் தூவிய கல்பவுடர் கண்ணுக்குத் தெரியாமல் இடுக்குகளில் கிடக்கும். விளக்குமாறால் இரண்டு முறை பெருக்கி, ப்ளோயரால் ஊதிவிடுங்கள்.

8. வண்டியிலிருந்து சொட்டிய ஆயில் மேல் மரத்தூளைக் கொட்டி ஊறவிட்டுப் பெருக்குங்கள். பிறகு சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

9. பளபளப்பான பேவர் பிளாக்கில் பெயிண்ட் நிற்காது. கோடு வரும் வரிசையை வேறு நிறக் கல்லால் பதித்துவிடுவதே மேல். கல் பதிக்கும்போதே இதை முடிவு செய்யுங்கள்.

10. மார்கழிப் பனி காயும் முன் தொடங்காதீர்கள். மே மாத நடுப்பகலும் ஆகாது. பெயிண்ட் மேலே ஏடு கட்டி அடியில் காயாமல் நிற்கும். தடிமனாக ஒரு பூச்சைவிட, மெலிதாக இரண்டு பூச்சு நல்லது.

11. சாக்பீஸ் தடவிய நூலைத் தட்டிக் கோட்டை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மூலை சரியா என்று பார்க்க 3, 4, 5 அடிக் கணக்கு போதும். காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். சக்கர நாற்காலியில் வருபவரின் காருக்கு 3.6 மீட்டர் அகலம் விடுங்கள். கதவை முழுதாகத் திறந்து இறங்க இடம் வேண்டும்.

12. பள்ளிக்கூட வாசல் நடைபாதைக் கோட்டுக்கு, 180 டிகிரிக்கு மேல் உருக்கி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக்கைக் கேட்டு வாங்குங்கள். தார் ரோட்டில் அது இளகிய தாரோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். சிமெண்ட் ரோட்டில் பிரைமர் அடிக்காமல் ஊற்ற விடாதீர்கள். தரையில் ஈரமிருந்தால் கொப்புளம் கிளம்பும். இரவில் மின்னுவதற்கான கண்ணாடி மணிகளைச் சூடு ஆறுவதற்குள் தூவிவிட வேண்டும்.

13. பெயிண்ட் அடிப்பதாயிருந்தால், ஓர் ஓரத்தில் கையகல இடத்தில் மட்டும் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் டேப் ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு பெயிண்ட் வந்தால் மறுபடி தரையைத் தேய்த்த பிறகே மீதி டின்னைத் திறக்க வேண்டும்.