முழங்கால் வலிக்கு ஓய்வு மட்டும் போதுமா?

மாட்டுங்காவில், லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். சென்ற ஆண்டு முழங்கால் வலி வந்தபோது, படி இறங்காமல் இருந்தால் சரியாகிவிடும் என்று நான்கு மாதம் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தேன். வலி கூடியதுதான் மிச்சம். மூட்டுத் தேய்மானம் என்று சொன்ன மருத்துவர், பிசியோதெரபி நிபுணரிடம் அனுப்பினார்.

தொடையின் முன்பக்கத் தசை மூட்டைத் தாங்குகிறது; நடமாட்டம் குறைந்தால் அத்தசை மெலிந்து, சுமை மூட்டின்மேல் விழும் என்று அவர் விளக்கினார்.

அவர் கற்றுத்தந்த பயிற்சி இது. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிக்கொள்ளுங்கள். மற்றக் காலை முழங்கால் மடங்காமல் ஓரடி உயர்த்தி, 5 விநாடி நிறுத்தி, மெல்ல இறக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை, தினமும் இருவேளை. கடுமையான வலியோ வீக்கமோ கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஏறும்போது நல்ல காலையும் இறங்கும்போது வலிக்கும் காலையும் முதலில் வையுங்கள். விழும் அபாயம் குறையும்.

தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளர்ந்துவிடவில்லை; ஆனால் 8 வாரத்தில் கால் வலுப்பெற்றது. இப்போது காய்கறி வாங்க நானே கீழே போய் வருகிறேன்.