மடிக்கணினித் திரையும் மின்னழுத்தமும்

மடிக்கணினி வைத்திருப்போர் பலர்க்கும் நேரும் இடையூறுகளுள் ஒன்று, வேலை நடுவே திரை திடுமென இருண்டுபோதல். சிலபோது அஃது ஓரிரு நொடியில் மீளும். சிலபோது நீலத்திரை தோன்றிச் சேமியாத எழுத்தையெல்லாம் கொண்டுபோகும். சென்ற பருவத்தில் நாமும் இதற்கு ஆளாகி, அதன் காரணம் நம் கையிலேயே இருந்ததை மிகத் தாமதித்து அறிந்தோம். ஆதலின் அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஓலைச்சுவடி ஒன்றன் ஒளிப்படங்களைத் திரையிற் பெரிதாக்கிப் பார்த்து ஏடு ஏடாகப் படியெடுத்து வந்தோம். கோடையில் கணினி அடுப்புப்போற் சுட்டது. சில்லுக்குச் செல்லும் மின்னழுத்தத்தைச் சிறிது குறைத்தாற் சூடு தணியும் என்றார் விடுதி நண்பர் ஒருவர். அவர் கூறியது மெய்யே. சில்லு இயங்குங்கால் செலவாகும் மின்திறன், துடிப்பு வேகத்தோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் பெருகுவது. வேகம் மாறாதிருக்க, 1 வோல்ட்டை 0.9 வோல்ட்டாக்கினால் அச்செலவு நூற்றுக்கு 81 ஆகச் சுருங்கும். நாம் வரைகலைச் சில்லுக்கு 100 மில்லிவோல்ட்டு குறைத்தோம். சூடு தணிந்தது, நண்பரைப் புகழ்ந்தோம்.

பத்து நாளில் திரை இருளத் தொடங்கியது. டிரைவர் எனப்படும் இயக்கு மென்பொருளை நீக்கிப் புதிதாக இட்டோம். விசிறியின் தூசியைத் துடைத்தோம். விடுதியின் மின்சாரத்தையும் பழித்தோம். இரண்டு மாலைப் பொழுதின் படியெடுப்பு ஒருங்கே அழிந்த அன்றுதான் அந்த 100 நினைவுக்கு வந்தது.

சில்லினுள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களில் ஒரு துடிப்பில் மாறவேண்டியவை, அடுத்த துடிப்பு வருமுன் மாறி முடிதல் வேண்டும். மின்னழுத்தம் குறையின் அவை மெதுவாக மாறும், முடியுமுன் அடுத்த துடிப்பு வந்தால் 0 என்பது 1 ஆகக் கொள்ளப்படும், கணக்குப் பிழைபடும். ஆகவே ஒவ்வொரு வேகத்திற்கும் இன்றியமையாத மின்னழுத்தம் ஒன்றுண்டு. ஒரே அச்சில் வார்த்த சில்லுகளுள்ளும் அது வேறுபடும். நண்பர் கணினி பொறுத்ததை நமது பொறுக்கவில்லை. அதிலும் வியப்பு யாதெனில், நெடுநேரப் பெருஞ்சுமையைத் தாங்கிய சில்லு, படத்தைச் சட்டெனப் பெரிதாக்கும் கணத்தில் தளர்ந்தது. சுமை திடீரென ஏறுங்கால் மின்னழுத்தம் ஒரு நொடிப்பொழுது சரிகின்றது. முன்னரே குறைத்திருந்தமையின் அச்சரிவுக்கு இடமில்லாது போயிற்று. வரைகலைச் சில்லு மறுமொழி தாராவிடின் விண்டோஸ் 2 நொடி காத்திருந்து அதனை மீளத் தொடங்குகின்றது. திரை இருண்டு மீள்வது அதனாலேயே. ஈவென்ட் வியூவர் என்னும் நிகழ்ச்சிக் குறிப்பில் 4101 என்ற எண் காணின் இதுவே நிகழ்ந்ததென அறியலாம்.

ஆயினும் அவ்வெண் நோயைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. முதலிற் செய்யத்தக்கது, மின்னழுத்தத்தைத் தொழிற்சாலை அளவுக்கே மீட்டு இரண்டு நாள் வழக்கமான வேலையைச் செய்து பார்த்தல். அப்பொழுதும் இருளின் குற்றம் வேறிடத்தது. இருளாதாயின் 10 மில்லிவோல்ட்டாகக் குறைத்துக்கொண்டே வந்து, பிழை தோன்றிய இடத்தினின்று 20 அல்லது 30 மேலேறி நிற்பது நன்று. என்விடியா சில்லுடையார் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்னும் செயலியில் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இணைக்கும் வளைகோட்டைக் காணலாம். அங்கே உச்ச வேகத்தைச் சற்றுத் தாழ்த்தினாலும் பிழை நீங்கும். தொழிற்சாலை அளவுக்கு மேல் ஏற்றுவதை நாம் விரும்பவில்லை. மடிக்கணினியின் சிறு விசிறி அச்சூட்டைத் தாங்குவது அரிது.

சில கணினிகளில் இவ்வாயில் அடைபட்டிருக்கும். மின்னழுத்தத்தைக் குறைத்து இன்டெல் சில்லின் மறைபொருளைக் கவரலாம் என்று பர்மிங்காம், கிராஸ், லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்னும் பெயரால் வெளிப்படுத்தினர். அதன்பின் பயாஸ் புதுப்பிப்புகளின் வழியே பல கணினிகளில் அவ்வசதி பூட்டப்பட்டது.

மின்னழுத்தத்தால் தீராத நோயும் உண்டு. 2008இல் என்விடியா நிறுவனம், தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் பொதிபொருள் வலுவற்றதெனக் கூறி, அதற்கெனப் பதினைந்து கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பற்றாசு விரிந்த சில்லுக்கு எவ்வெண்ணை மாற்றியும் பயனில்லை. திரைப்பிழை எனத் தோன்றுவது திரையைச் சாராததாகவும் இருக்கலாம். 2024இல் இன்டெலின் மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில், விளையாட்டுகள் 'வரைகலை நினைவகம் போதவில்லை' என்று கூறி நின்றன. நினைவகமோ போதியதாயிருந்தது. மிகுந்த மின்னழுத்தத்தால் தேய்ந்த மையச் செயலியே பிழை செய்தது. குறைவால் நாம் இடர்ப்பட்டோம், அவர்கள் மிகுதியால்.

நம் கணினி இப்பொழுது 60 மில்லிவோல்ட்டுக் குறைப்பில் நிற்கின்றது. மூன்று திங்களாகத் திரை இருளவில்லை; சூடும் முன்போல் இல்லை. அழிந்த ஏடுகளை மீண்டும் படியெடுத்து வருகின்றோம்; இன்னும் நான்கு எஞ்சியுள்ளன.