மனவடு ஆற்றும் இரு கரங்கள்

உடலிற் பட்ட புண் ஆறிய பின்னும் வடு எஞ்சுகிறது. போர், வெள்ளம், விபத்து, வன்கொடுமை ஆகியவற்றுக்கு ஆளானோர் உள்ளத்தில் எஞ்சுவதை 'மனவடு' என்பர். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இப்பெயரிலேயே தமிழில் நூல் எழுதியுள்ளார்.

நடந்த கொடுமை மீண்டும் மீண்டும் நினைவில் எழுதல், தீக்கனவு, சிற்றொலிக்கும் நடுங்குதல், அதனை நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல் ஆகியன இதன் குறிகள். தொடக்கத்தில் இவை தோன்றுவது இயல்பே. ஒரு திங்களுக்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின் மருத்துவ உதவி இன்றியமையாதது.

ஆயினும் துன்புற்றோர் பலர் முதலில் நாடுவது ஆலயத்தையும் அறவோரையுமே. இலங்கையின் வடபகுதியில் 1983 முதல் 2009 வரை நீடித்த போரின் நடுவே மனநல மருத்துவர் மிகச் சிலரே இருந்தனர். ஆகவே ஆசிரியர், சமூகத் தொண்டர், சமயத்தார் முதலியோர்க்கு உளவளத்துணையின் அடிப்படைகள் கற்பிக்கப்பட்டன. மனத்தைத் தளர்த்தும் பயிற்சியில் அவரவர் சமயத்துத் திருச்சொல்லே பயன்பட்டது. காணாமற்போனவர்க்கு ஈமக்கடன் ஆற்ற இயலாது தவித்த குடும்பங்களுக்குச் சடங்கும் வழிபாடும் துயரை வெளியிட வழியாயின. மருத்துவம் சமயத்தை விலக்கவில்லை, துணையாகக் கொண்டது.

மருத்துவத்தை விலக்கிய நம்பிக்கை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி சான்று. அங்கே தர்காவை நாடி வந்த மனநோயாளர் தனியார் காப்பகமொன்றில் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று மூண்ட தீயில் 28 பேர் மாண்டனர். சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்கிறது.

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் ஒன்று ஸ்திதிகரணம்; அறநெறியில் தளர்ந்தவரை மீண்டும் நிலைநிறுத்துதல். உள்ளம் தளர்ந்தவர்க்கும் இக்கடமையை விரித்துக் கொள்வது தகும். அதற்கு மூன்று படிகள் உள: அவரது நிலையை நோக்குதல், பொறுமையுடன் செவிமடுத்தல், தக்க உதவியுடன் இணைத்தல். நடந்ததை விவரிக்குமாறு வற்புறுத்தலாகாது. அரசின் டெலிமானஸ் தொலைபேசி எண் 14416இல் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

இங்கு நாம் சிறப்பாகக் காக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, துன்புற்றவரை நோக்கி "இது உன் முன்வினைப் பயன்" என்று கூறாதிருத்தல். வினைக்கொள்கை தன்னைத் தான் ஆராய்வதற்கு அமைந்தது. பிறர் துயருக்குத் தீர்ப்பு வழங்குவதற்கன்று. புண்பட்ட உள்ளத்தில் மேலும் புண் செய்யும் சொல் ஹிம்சையேயாகும். இரண்டாவது, நோன்பின் பொருட்டு மருந்தை நிறுத்தச் சொல்லாதிருத்தல். இரவுண்ணாமை காப்போர் மருந்துண்ணும் வேளையை மருத்துவரைக் கேட்டு மாற்றியமைத்துக் கொள்ளலாம், தாமாகக் கைவிடலாகாது.

ஜினாலயத்தில் அமைதி பெறுவதும் மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. துன்புற்ற ஒருவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் முறை வரும்வரை அருகில் அமர்ந்திருப்பதும் அறமே.