எந்தக் கை என்று முதலில் சொல்லிவிடுங்கள்

இடது கையை நீட்டியிருந்தால் எனக்கு அந்தத் தீபாவளி வியாபாரம் போயிருக்காது.

மதுரை செல்லூரில் இருபத்திரண்டு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். தைக்க இரண்டு பேர், காஜா எடுக்க ஒரு பையன். துணி வெட்டுவது மட்டும் நான்தான். கத்தரியை இன்னொருவரிடம் கொடுத்ததில்லை. தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, 'இனி ஆர்டர் இல்லை' என்று பலகை மாட்டிய மறுநாள், எதிர்வீட்டுத் தம்பி ஓடி வந்தார். "அண்ணே, தங்கச்சிக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். ஓ நெகட்டிவ் இருப்பு இல்லையாம். நீங்கதான் வரணும்." அதற்கு முன் ஆறு தடவை கொடுத்தவன் நான். கடையை அப்படியே போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். போனதற்கு இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

படிவம், எடை, ரத்த அழுத்தம், விரல் நுனியில் ஒரு குத்து எல்லாம் வழக்கம்போல முடிந்தன. ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருந்தால்தான் எடுப்பார்கள். எனக்கு 14 இருந்தது.

படுத்ததும் ஊசி போடுபவர் இரண்டு கையையும் தட்டிப் பார்த்தார். "ரைட்லதான் சார் நரம்பு நல்லாத் தெரியுது" என்றார். நீட்டிவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான். ஆறு தடவையும் எனக்கு இடது கையில்தான் எடுத்தார்கள், ஒரு தடவைகூட நரம்பு கிடைக்காமல் போனதில்லை. 'நான் தையல்காரன், இடது கையில போடுங்க' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வாசலில் அந்தத் தம்பி கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது என் கையைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

ரத்தம் எடுக்கும் ஊசி நல்ல தடிமனாக இருக்கும். முதல் குத்தில் ரத்தம் வரவில்லை. வெளியே எடுக்காமல், உள்ளேயே திருப்பித் திருப்பித் துழாவினார். கட்டைவிரல்வரை சுரீர் என்று இழுத்தது. அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு பை நிரம்பும்வரை கிடந்தேன். முடிந்ததும் பஞ்சை வைத்து, "மடக்கிக்கிட்டே போங்க சார்" என்று அனுப்பிவிட்டார்.

நேராகக் கடைக்கு வந்து கத்தரியை எடுத்தேன். ராத்திரிக்குள் முழங்கையின் உட்பக்கம் எலுமிச்சை அளவுக்கு வீங்கியது. மறுநாள் கத்தரிக்காய் நிறம். நாம் நரம்பு என்று சொல்லும் ரத்தக் குழாயை ஊசி துளைத்து மறுபக்கம் போய், ரத்தம் சதைக்குள் கசிந்திருக்கிறது என்றார் டாக்டர். ஆபத்தில்லை, ஆனால் பத்து நாள் கத்தரி பிடிக்கக் கூடாது. 31 சட்டைத் துணிகளை வெட்டாமலே திருப்பிக் கொடுத்தேன். பதினைந்து வருடம் என்னிடம் தைத்த ஒருவர், நீலம் பாரித்த கையைப் பார்த்த பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். இப்போது வேறு கடையில் தைக்கிறார். தைக்கட்டும்.

அந்த மருத்துவமனைக்கும் போய்க் கையைக் காட்டினேன். "சிலருக்கு அப்படி ஆகும்" என்றார்கள். ஆகும்தான். ஆனால் நரம்பு கிடைக்காவிட்டால் ஊசியை எடுத்துவிட வேண்டும். உள்ளே வைத்துத் தேடுவது தானம் கொடுக்க வந்தவனுக்குச் செய்கிற காரியமில்லை.

கையை நம்பித்தானே நாம் எல்லோரும் பிழைக்கிறோம்? வேலை செய்யும் கையைக் கொடுக்காதீர்கள். சுரீர் என்று இழுத்தாலோ விரல் மரத்தாலோ உடனே எடுக்கச் சொல்லுங்கள். பாதியில் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஊசியை எடுத்த பிறகு கையை மடக்காமல், நீட்டி உயர்த்திப் பஞ்சை ஐந்து நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். அன்றைக்கு அந்தக் கையால் குடம்கூடத் தூக்க வேண்டாம். வீங்கினால் முதல் நாள் ஐஸ் ஒத்தடம், வெந்நீர் ஒத்தடம் அப்புறம்தான்.

'இனிமே அந்தப் பக்கமே போகாதே' என்றான் என் தம்பி. ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். நான் நாலாம் மாதம் ஒரு அரசு ரத்த வங்கிக்குப் போனேன். படுக்கும் முன்பே இடது கை என்று சொன்னேன். அங்கே ஊசி போட்ட அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. ஒரே குத்து. மறுநாள் காலையில் ஒரு சிவப்புப் புள்ளிதான் இருந்தது, ஒன்பது மணிக்கெல்லாம் துணி வெட்ட உட்கார்ந்துவிட்டேன்.