துண்டின் மேல் விழும் பந்து

கிளென் வேவர்லி

அன்புள்ள கண்ணம்மா,

பந்து எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்பதைத் தவிர உன் கடிதத்தில் வேறு பேச்சே இல்லை. இந்திய வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமியைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

மேற்கு வங்கத்துச் சாக்தஹா ஊர்க்காரர். 1997 டிசம்பரில் ஈடன் கார்டனில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எல்லைக்கோட்டருகே பந்து பொறுக்கிப் போட்ட சிறுமிகளில் ஒருவர். பயிற்சிக்கு விடியற்காலை ரயில் பிடித்துக் கொல்கத்தா போக வேண்டும். ரயிலை விட்டால் அன்றைய பயிற்சி போச்சு. (அப்பா காரை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் நீ முகத்தைத் தூக்கிக்கொள்கிறாயாமே!)

2002 ஜனவரியில் முதல் ஒருநாள் ஆட்டம், நம் சென்னையில். 2017 மே மாதம், ஒருநாள் போட்டியில் 180 விக்கெட் என்ற காத்ரின் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் சாதனையைத் தாண்டினார். காத்ரின் எங்கள் மெல்போர்ன்காரர். குப்பை வண்டியிலும் தபால் பட்டுவாடாவிலும் வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்.

ஜூலன் 204 ஒருநாள் ஆட்டங்களில் 255 விக்கெட் எடுத்தார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஓவருக்குக் கொடுத்த ரன்: 3.37. நல்ல உயரம், காதை உரசுவது போல மேலே போகும் கை. முன்னே வந்து ஆடுவதா, பின்னே போவதா என்று மட்டையாளர் தடுமாறும் இடத்திலேயே பந்து விழும். அப்படி ஓவர் ஓவராகப் போட்டால் ரன் வறண்டுவிடும், எதிராளிக்குப் பொறுமை போய்விடும்.

லார்ட்ஸில் நடந்த 2017 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைத் தேடிப் பார். இங்கிலாந்தின் டெய்லரும் சிவரும் நிலைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். டெய்லர் லெக் பக்கம் போன பந்தைத் தொட்டுக் கீப்பரிடம் மாட்டினார். அதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. அடுத்த பந்திலேயே வில்சன் எல்பிடபிள்யூ. பிறகு சிவரும் அப்படியே. 10 ஓவர், 3 மெய்டன், 23 ரன், 3 விக்கெட். அப்போது வயது 34. ஆனாலும் இந்தியா 9 ரன்னில் தோற்றது. உலகக் கோப்பையை வெல்லாமலேயே 2022இல் ஓய்வு பெற்றார். 2025இல் கோப்பையை ஜெயித்த இந்தியப் பெண்கள் அதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தபோது அழுதுவிட்டார்.

லீவுக்கு இங்கே வா. பக்கத்து மைதானத்து நெட்ஸ் பகலில் காலியாகத்தான் கிடக்கும். ஸ்டம்புக்கு ஐந்தாறு எட்டு முன்னால் பழைய துண்டு ஒன்றை விரிக்கிறேன். ஆறு பந்தில் எத்தனை அதன்மேல் விழுகிறது என்று எண்ணுவோம். வேகம் பார்க்கும் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அன்புடன்,
பெரியம்மா