சர்வர் ஓடுகிறது, கவுண்டரில் பில் வரவில்லை

ஈரோட்டுப் பக்கம் மருந்துக்கடை, ஜவுளிக்கடை, அரிசி மண்டி என்று பல இடங்களுக்கு பில்லிங் மென்பொருள் போட்டுக் கொடுப்பது என் தொழில். எல்லாக் கடையிலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதலாளி அறையில் டேட்டாபேஸ் இருக்கும் கணினி, கவுண்டர்களில் மூன்று நான்கு கணினிகள், நடுவில் ஒரு ஸ்விட்ச், ஒரு ரவுட்டர். மென்பொருளில் சந்தேகம் கேட்டு வரும் போனைவிட, "சர்வர் கனெக்ட் ஆகலைங்க" என்று வரும் போன்தான் அதிகம். போய்ப் பார்த்தால் சர்வர் பழுதாகியிருப்பது அபூர்வம். நடுவழியில் எங்கோ ஓர் இடத்தில் மறுப்பு விழுந்திருக்கும். அந்த இடம் எது என்று கண்டுபிடித்துவிட்டால் மீதி வேலை சுலபம்.

பிழை எண்ணைப் படியுங்கள்

திரையில் வரும் செய்தியைப் படிக்காமலே ஓகே பொத்தானைத் தட்டிவிடுவது எல்லோருக்கும் பழக்கம். அதில் உள்ள எண்தான் பாதி விடை. மைஎஸ்க்யூஎல் 2003 என்று காட்டி, கூடவே 10060 என்று வந்தால், கூப்பிட்ட முகவரியிலிருந்து பதிலே இல்லை. கணினி அணைந்திருக்கலாம், முகவரி தப்பாக இருக்கலாம், ஃபயர்வால் தடுத்திருக்கலாம். 10061 என்றால் அந்த முகவரியில் ஒரு கணினி இருக்கிறது, ஆனால் அந்த போர்ட்டில் யாரும் இல்லை. விண்டோஸ் ஃபயர்வால் இயங்கும் சர்வரில் இந்த இரண்டாவது நிலையும் 10060 என்றே தெரியலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

1130, 1045 ஆகியவை வேறு சாதி. 1130 என்றால் உங்கள் கணினியிலிருந்து நுழைய அனுமதி இல்லை. 1045 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஒத்துப்போகவில்லை. இந்த இரண்டில் எது வந்தாலும் நெட்வொர்க் நன்றாகவே இருக்கிறது. கேபிளைப் பிடுங்கிச் செருக வேண்டாம், ரவுட்டரை அணைத்துப் போட வேண்டாம்.

பிங் போனால் மட்டும் போதாது

ஒரு மருந்துக்கடையில் திங்கட்கிழமை காலை எந்த கவுண்டரிலும் பில் வரவில்லை. "அண்ணா, பிங் நல்லா போகுதுங்க, பில்லுதான் வர மாட்டேங்குது" என்றான் கவுண்டர் பையன். திரையில் 10061. சர்வர் முகவரியாக மென்பொருளில் இருந்தது 192.168.1.5. சர்வரில் உட்கார்ந்து ஐபிகான்ஃபிக் அடித்துப் பார்த்தால் அதன் முகவரி 192.168.1.12. அப்படியென்றால் பிங்குக்குப் பதில் சொல்வது யார்? ரவுட்டரின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். டெலிவரி பையனின் செல்போனுக்கு 5 போயிருந்தது. ஞாயிறு முழுக்க எல்லாம் அணைந்து கிடந்து, காலையில் வைஃபையில் முதலில் ஏறியது அந்த போன்தான்.

இரண்டு பாடங்கள். ஒன்று, சர்வரின் முகவரியை நிலையாக்குங்கள். ரவுட்டரின் டிஹெச்சிபி பகுதியில், சர்வரின் மேக் முகவரிக்கு ஓர் ஐபி என்று ஒதுக்கிவைக்கலாம். இரண்டு, பிங்கை விட்டுவிட்டு போர்ட்டைச் சோதியுங்கள். பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையோடு சர்வர் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்தால், கடைசி வரியில் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று சொல்லிவிடும். மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, போஸ்ட்கிரெஸுக்கு 5432. பிங் போகாமலே டேட்டாபேஸ் வேலை செய்யும் கணினிகளும் உண்டு. விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்துவைத்திருக்கும்.

சர்வர் எந்தப் பக்கம் காது கொடுக்கிறது?

நிறுவியவுடன் பல டேட்டாபேஸ்கள் வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்பதில்லை. பாதுகாப்புக்காக அப்படியே வைத்து அனுப்புகிறார்கள். சர்வரிலேயே நெட்ஸ்டாட் கட்டளை போட்டுப் பாருங்கள். 3306க்கு முன்னால் 127.0.0.1 என்றிருந்தால் அது தன் கணினியோடு மட்டும் பேசுகிறது. 0.0.0.0 என்றிருந்தால் எல்லோரிடமும் பேசும். உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல் போட்டால் பைண்ட்-அட்ரஸ் 127.0.0.1 என்றே இருக்கும். அதை மாற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸில் லிசன் அட்ரஸஸ் அமைப்பை மாற்றுவதோடு, பிஜி ஹெச்பிஏ கோப்பில் உங்கள் நெட்வொர்க்குக்கு ஒரு வரியும் சேர்க்க வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் டிசிபி/ஐபி அணைத்தே வரும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் அமலுக்கு வரும். எக்ஸ்பிரஸ் தானாக ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும், அது மாறவும் செய்யலாம். ஐபிஆல் பகுதியில் டைனமிக் போர்ட் கட்டத்தைக் காலியாக்கி, கீழே 1433 என்று எழுதிவிடுவதே என் வழக்கம்.

ஃபயர்வாலை அணைக்காதீர்கள்

அணைத்துப் பார்த்தால் உடனே வேலை செய்யும். அதனாலேயே பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இன்பவுண்ட் விதியில் அந்த ஒரு போர்ட்டை மட்டும், அதுவும் உள்ளூர் சப்நெட்டுக்கு மட்டும் திறந்தால் போதும். நேற்றுவரை வேலை செய்தது இன்று நின்றுவிட்டால், விண்டோஸ் உங்கள் நெட்வொர்க்கை பப்ளிக் என்று மாற்றிக்கொண்டதா என்று பாருங்கள். புது ரவுட்டர் மாட்டிய மறுநாள் வரும் அழைப்புகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

வீட்டிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு டேட்டாபேஸை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். 2003 ஜனவரியில் ஸ்லாமர் என்ற கணினிப் புழு, எஸ்க்யூஎல் சர்வரின் யுடிபி 1434 வழியாகத்தான் சில நிமிடங்களில் உலகம் முழுக்கப் பரவியது. வெளியிலிருந்து வேண்டுமென்றால் விபிஎன் வழியாக வாருங்கள்.

கடைக்கு என்று தனிப் பயனர்

கவுண்டர் கணினிகளில் ரூட், எஸ்ஏ கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். பில்லிங்குக்குத் தனிப் பயனரை உருவாக்கி, அந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் பயனர் பெயரோடு 192.168.1.% என்று சேர்த்துவிட்டால், அந்த நெட்வொர்க்குக்கு வெளியே அந்தப் பெயர் செல்லாது. 1130 பிழைக்கும் இதுவே மருந்து.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடிபிசி மட்டும் தகராறு செய்தால், 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் மென்பொருளுக்கு 32 பிட் டிரைவர்தான் கண்ணுக்குத் தெரியும். இதில் விண்டோஸின் குசும்பு ஒன்று உண்டு: சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பது 64 பிட் ஓடிபிசி, சிஸ்வாவ்64 ஃபோல்டரில் இருப்பது 32 பிட்.

கவுண்டர்களுக்கு வைஃபையைவிட கேபிளே நல்லது. சர்வர் கணினியில் ஸ்லீப் மோடை அணைத்துவிடுங்கள். சர்வருக்கு மட்டுமல்ல, ஸ்விட்சுக்கும் ரவுட்டருக்கும் யுபிஎஸ் இணைப்பு கொடுங்கள். கரண்ட் போகும்போது சர்வர் மட்டும் ஓடிப் பயனில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சர்வரின் ஐபி, மேக் முகவரி, போர்ட் எண், டேட்டாபேஸ் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி முதலாளி மேசை டிராயரில் வையுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். அடுத்த முறை கோளாறு வரும்போது பிழை எண்ணையும் அந்தத் தாளையும் போட்டோ எடுத்து அனுப்பினால், எங்களைப் போன்றவர்கள் பல நேரம் வண்டியை எடுக்காமலே போனில் சரிசெய்துவிடுவோம்.